ஜூரோங் அச்சகங்களும் ஜொகூர் தோட்டத்து ஆட்களும்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: “எங்கப்பா காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து நிறையப் பேர் சிங்கப்பூர் ஜூரோங்குக்குப் பிரிண்டிங் வேலைக்குப் போனார்கள். சின்னத் தீவு, அதிலும் சதுப்புக்காடாகக் கிடந்த மூலை. அங்கே எப்படி அவ்வளவு அச்சுத் தொழிற்சாலைகள் வந்தன? இப்போது ஏன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன? என் மகனுக்கு அந்தத் துறையில் வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா?”

மகனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். சிங்கப்பூர்க்காரர்கள் புத்தகப் பிரியர்கள் என்பதால் அங்கே அச்சகம் பெருகவில்லை. ஜூரோங்கில் அச்சான புத்தகங்களில் பெரும்பகுதியை அந்தத் தீவில் யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. பெட்டியில் அடுக்கி, கண்டெய்னரில் ஏற்றி, நேரே கப்பலுக்குப் போனவை அவை. அமெரிக்காவின் ஒரு சட்டம், ஜப்பானின் நாணயம், சிங்கப்பூரின் வரிச்சலுகை, ஜொகூரின் ஆட்கள், இந்த நான்கும் ஒரே காலத்தில் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் சேர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக விலகின. தொழிலும் கூடவே விலகியது.

நான் ஜொகூரில் கூலாய்க்காரன். ஆப்செட் அச்சு மெஷினில் நின்று, பிறகு பையன்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவன். எனவே மெஷின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. 1959-இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றபோது பத்தில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. கப்பலில் வரும் சரக்கை இறக்கி, தரம் பிரித்து, மறுபடி ஏற்றி அனுப்பும் வியாபாரம் மட்டும் எல்லாருக்கும் சோறு போடாது என்பது தெரிந்துவிட்டது. ஐ.நா. அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் தொழில்மயமாக்கலுக்குத் திட்டம் வரைந்தார். 1961 ஆகஸ்டில் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பிறந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ, தீவின் மேற்கு மூலையிலிருந்த ஜூரோங்கைக் கைகாட்டினார். இறால் குட்டைகளும் அலையாத்திக் காடும் சின்னச் சின்னக் குன்றுகளும் இருந்த இடம். குன்றை வெட்டினார்கள், அந்த மண்ணைச் சதுப்பில் கொட்டினார்கள், ரோடு போட்டார்கள். பக்கத்திலேயே ஆழமான கடல். அதனால் துறைமுகம் அமைந்தது. புக்கிட் தீமாவிலிருந்து ஒரு ரயில் கிளையும் இழுத்து வந்தார்கள்.

தண்ணீர் யாருடையது என்று யாரும் சொல்வதில்லை. 1961-இல் போட்ட ஒப்பந்தப்படி ஜொகூரின் கூனோங் பூலாய் நீர்த்தேக்கம், தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளின் நீர் சிங்கப்பூருக்குப் போனது. அந்த ஒப்பந்தம் 2011-இல்தான் முடிந்தது. செனாய் பக்கம் நம் தோட்டங்களை ஒட்டி ஓடும் அதே ஸ்கூடாய் ஆறுதான். ஆள் போவதற்கு முன்பே தண்ணீர் போய்விட்டது.

ஆனால் முதல் சில வருடம் ஜூரோங் பிசுபிசுத்தது. 1962 செப்டம்பரில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நட்டார்கள். கப்பல் பட்டறை வந்தது. அதன் பிறகு வரிசையாக வரவேண்டியவர்கள் வரவில்லை. இந்தோனேசியாவுடன் ‘கொன்ஃப்ரொந்தாசி’ தகராறு, 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிவு, கைவிட்டுப்போன பொதுச் சந்தை. தாமான் ஜூரோங்கில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவர ஆள் கிடைக்கவில்லை. ‘கோவின் முட்டாள்தனம்’ என்றே அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். கோ கெங் சுவீயும் அதை மறைத்தவர் இல்லை.

நிலைமையைத் திருப்பியவை இரண்டு. 1967-இல் கொண்டுவந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதித் தொழிலின் ஏற்றுமதி லாபத்துக்கு 40 விழுக்காடு வரிக்குப் பதில் 4 விழுக்காடு கட்டினால் போதும். 1968 ஜூன் 1-ஆம் தேதி ஜூரோங் நகராண்மைக் கழகம் தனியாக அமைந்தது. பிரிட்டிஷ் ராணுவம் சீக்கிரமே வெளியேறும் என்ற அறிவிப்பு அந்த வருடம் ஜனவரியில்தான் வந்திருந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும் என்ற பயம். அதனால் கழகம் அவசரமாக வேலை செய்தது. கட்டடத்தை முன்கூட்டியே கட்டி வைத்தார்கள். கம்பெனிக்காரன் மெஷினை இறக்கினால் போதும், கரண்டு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய், லாரி வந்து திரும்ப இடம், எல்லாம் தயார். நிலம் மட்டும் சொந்தமில்லை. பெரும்பாலும் 30 வருடக் குத்தகை. இந்த 30 வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அச்சுக்கு வருவோம். அச்சுத் தொழில் அந்தத் தீவுக்குப் புதிதல்ல, தமிழுக்கும் புதிதல்ல. 1887-இலேயே மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகையை அங்கே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார். ஆனால் அதெல்லாம் நகரத்துக்குள் நடந்த அச்சுக்கூடங்கள். ஈய எழுத்தைக் கோத்து அடிப்பவை. நம் கூலாயிலும் குளுவாங்கிலும் கல்யாணப் பத்திரிகையும் தீமிதி நோட்டீசும் அடித்துக் கொடுத்த கடைகளும் அந்த வம்சம்தான். ஜூரோங்கில் வந்தது வேறு சாதி. இரவும் பகலும் ஷிப்ட் போட்டு, டன் கணக்கில் காகிதம் தின்னும் தொழிற்சாலை.

உங்கள் வீட்டில் பழைய இன்ஜினியரிங் பாடப்புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்து, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பகமான மெக்ரா-ஹில்லின் மாணவர் பதிப்பில் ‘ஜாலான் பூன் லே, ஜூரோங்’ என்று விலாசம் இருக்கலாம். அச்சிட்டவர் ‘தொப்பான், லியூ ஃபாங் ரோடு, ஜூரோங்’ என்றிருக்கலாம். தொப்பான் ஜப்பானிய கம்பெனி. இன்னொரு ஜப்பானிய கம்பெனியான கியோடோவும் வந்தது. பாண்டான் கிரசெண்டில் தியன் வா பிரஸ். அதுவும் பிறகு டாய் நிப்பான் என்ற ஜப்பானிய கம்பெனியின் கைக்குப் போனது. துவாஸ் அவென்யூ 5-இல் டைம்ஸ். நெய்தல் ரோட்டில் மார்கோனோ. (ஆமாம், ஜூரோங்கில் தமிழ்ப் பெயரில் ஒரு ரோடு உண்டு. பக்கத்தில் வேலை செய்த நம் ஆட்களில் பாதிப் பேர் அதைக் கவனித்ததே இல்லை.)

ஏன் ஜப்பானியர்கள்? கலர். ஒரு கலர் படத்தை நாலு நிறமாகப் பிரித்து, நாலு பிளேட் செய்து, நாலையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அடிப்பது அறுபதுகளில் பெரிய வித்தை. ஜப்பான் அதைச் சுத்தமாகவும் மலிவாகவும் செய்தது. மேற்கத்திய பதிப்பாளர்கள் கலைப் புத்தகம், சமையல் புத்தகம், குழந்தைப் புத்தகம் எல்லாவற்றையும் தோக்கியோவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் கூலி ஏற ஏற, யென் ஏற ஏற, அதே தரத்தை வேறொரு இடத்தில் எடுக்க முடியுமா என்று தேடினார்கள். 1985-இல் டாலரின் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்த பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் எகிறியபோது அந்தத் தேடல் ஓட்டமாகவே மாறியது. வரி குறைவு, கப்பல் பக்கம், ஆங்கிலத்தில் எழுதிய ஜாப் டிக்கெட்டை (வேலைக் குறிப்புத் தாளை) படிக்கத் தெரிந்த ஆட்கள், போலீசும் கோர்ட்டும் ஒழுங்கு. சிங்கப்பூர் எல்லாவற்றிலும் டிக் வாங்கியது.

அமெரிக்கச் சட்டம் என்றேனே, அது இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ரொம்ப காலமாக ஒரு விதி இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிய, எழுத்து மிகுந்த புத்தகத்தை அமெரிக்காவிலேயே அச்சடிக்க வேண்டும். பிற்காலத்தில் கனடாவையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளியில் அச்சடித்து உள்ளே கொண்டுவந்தால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அமெரிக்க அச்சுத் தொழிலாளர்களைக் காப்பாற்றப் போட்ட விதி. 1986-இன் நடுவில்தான் அது காலாவதியானது. படமே பிரதானமாக இருக்கும் புத்தகம் அந்த விதிக்குள் வராது. அமெரிக்காவுக்கு வெளியே விற்கும் மாணவர் பதிப்புக்கும் அந்தத் தடை இல்லை. அதனால்தான் ஜூரோங்கில் ஆரம்ப காலத்தில் நாங்கள் பார்த்த சரக்கு இரண்டு வகை: படப் புத்தகம், ஆசிய மாணவர்களுக்கான பாடப்புத்தகம். நாவல் வரவே வராது. ஏன் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ வெள்ளைக்காரனுக்குப் படம் போட்ட புத்தகம்தான் பிடிக்கும்போல என்று ஃபோர்மேன் உட்பட எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

படப் புத்தகத்திலும் தனி ராஜ்ஜியம் ஒன்று இருந்தது: விரித்தால் உள்ளிருந்து கோட்டையும் டைனோசரும் எழுந்து நிற்கும் புத்தகங்கள். இதை எந்த மெஷினும் முழுசாகச் செய்யாது. அச்சடித்த தாளை டையில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கையால் மடித்து, பசை தொட்டு, குறித்த இடத்தில் ஒட்டி, மூடிப் பார்த்து, திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். ஒரே புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டு இருக்கும். நீண்ட மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. உலகத்தில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்த ஊர்களை விரல்விட்டு எண்ணலாம். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் காலி நகரம் ஒன்று, இந்தப் பக்கம் சிங்கப்பூர். அந்த மேசைகளில் சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நம் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். எங்கள் அக்காவும் இருந்தார். அவர் ஒட்டிய புத்தகத்தின் விலை அவருடைய ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் என்று பின்னால் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டார். கோபமெல்லாம் படவில்லை. “இதைப் போய் இவ்வளவு குடுத்து வாங்குறானா?” என்றுதான் கேட்டார்.

சரி, தோட்டத்து ஆட்கள் ஏன் போனார்கள்?

“சிங்கப்பூர் வெள்ளி பெரிது” என்பது பாதிப் பதில். அறுபதுகளின் கடைசியில் மலேசிய வெள்ளி, சிங்கப்பூர் வெள்ளி இரண்டு நாணயமும் சமம். 1973 மே மாதம் வரை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். 1980 வாக்கில்கூட பெரிய வித்தியாசம் இல்லை. பணமாற்று லாபத்துக்காகப் போவது பின்னால் வந்த கதை. முதல் தலைமுறையைத் தள்ளியது இந்தப் பக்கத்து நிலைமை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றன. புதிதாக வாங்கியவன் பழைய ஆளை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கியது இதற்கு மாற்று மருந்தாகத்தான். மருந்து நல்லது, ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் எட்டவில்லை. அடுத்து செம்பனை. ஜொகூரில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட இடங்களிலெல்லாம் ஆள் தேவை விழுந்தது. பால் வெட்ட நாள்தவறாமல் ஆள் வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு நிரை. செம்பனைக் குலையைச் சுற்றுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, மூத்த பிள்ளை மூவரும் பால் வெட்டிய இடத்தில் செம்பனைக்கு ஒருவர் போதும் என்றானது. மற்ற இருவர்?

மூன்றாவது, 1969-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வந்த வேலை பெர்மிட். சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை) வைத்திருந்தவர்கள், குடியுரிமைக்கு எழுதிப் போடாமல் விட்டவர்கள், எல்லாருக்கும் ஒரே பயம். சுமார் 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பிவிட்டார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். குடிமக்களுக்கான நீல ஐசி இருந்த பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. பெரட்டுக்கு (காலையில் தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவருக்குத்தான் வீடு. அப்பா வேலையை விட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். அதனால் மகனோ மகளோ ஒருவராவது வெளியில் சம்பாதித்து, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் பேச்சாக இருந்தது. இன்று கூலாய், செனாய், ஸ்கூடாய் தாமான்களில் நம்மவர்கள் இருக்கும் எத்தனையோ வீடுகளின் முதல் தவணை ஜூரோங் ஓவர்டைம் பணம்.

அந்தப் பக்கம் கதவும் அப்போதுதான் திறந்தது. தொழிற்சாலை பெருகியதும் சிங்கப்பூருக்குக் கையே போதவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலேயே வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 1 லட்சத்தை எட்டியது. பெரும்பாலோர் மலேசியர். துவாஸ் இரண்டாம் பாலம் 1998-இல்தான் திறந்தது. அதுவரை ஜொகூர் பாரு வழியாக, 1924-இல் கட்டிய அந்த ஒரே கடற்பாலம்தான். கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து 170-ஆம் எண் பஸ் பிடித்து புக்கிட் தீமாவில் இறங்கி மாறினால் ஜூரோங். தினமும் போய்வருவது முடியாத காரியம். பத்துப் பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகுதான் தினசரிப் பயணம் வழக்கமானது.

மெஷினில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம். ஆப்செட்டின் அடிப்படை எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான். பிளேட்டில் படம் உள்ள இடம் மசியை மட்டும் பிடிக்கும், படம் இல்லாத இடம் தண்ணீரை மட்டும் பிடிக்கும், சேம்பிலை மேல் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதே அதுபோல. மசி பிளேட்டிலிருந்து நேராகக் காகிதத்துக்குப் போகாது. நடுவில் ரப்பர் பிளாங்கெட் சுற்றிய உருளை. அதில் பதிந்து, பிறகு தாளில் பதியும். தண்ணீர் கூடினால் கலர் வெளுக்கும், மசி கூடினால் அழுக்காகும். இரண்டுக்கும் நடுவில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல மெஷின்மேன் காதால் கண்டுபிடிப்பார். ரோலரில் மசி பிரியும் சத்தம் மாறும்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் காகிதத்துக்குப் பெரிய எதிரி. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும். ஓரம் அலையலையாக நெளியும். முதல் நிறம் அடித்த தாள் அடுத்த நிறம் அடிக்கும்போது கால் மில்லிமீட்டர் விரிந்திருந்தால் முடிந்தது, முகத்துக்கு வெளியே உதடு தெரியும். அனுமதிக்கும் பிசகு பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதனால் அச்சறை முழுக்க ஏர்கான், ஈரப்பதம் 50-55 விழுக்காட்டில் நிற்க வேண்டும். அந்தக் குளிர்தான் தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு முதல் ஆச்சரியம். ‘ஏர்கான் வேலை’ என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆட்களுக்காகப் போட்ட ஏர்கான் இல்லை அது, காகிதத்துக்காகப் போட்டது. பைண்டிங் பகுதியில் பல இடங்களில் வெறும் காற்றாடிதான்.

ஆபத்தும் உண்டு. மெஷின் கழுவும் கரைப்பானின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். ரோலர் இடுக்கில் விரல் கொடுத்தவர்களை எல்லா அச்சகத்திலும் பார்க்கலாம். சத்தத்தில் காது மந்தமானவர்கள் இன்னும் அதிகம். வயதான அச்சுக்காரர் டிவியை ஏன் அப்படி வைக்கிறார் என்று வீட்டில் சண்டை போடாதீர்கள்.

பதவி உயர்வு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. சின்ன அச்சகங்களில் பேச்சு ஹொக்கியனிலோ மாண்டரினிலோ நடக்கும். நம்மவர் பலர் காகிதம் ஏற்றும் ஃபீடர் வேலையிலேயே ஓய்வு பெற்றார்கள். ஜப்பானிய கம்பெனிகளில் எல்லாம் எழுத்தில், ஆங்கிலத்தில், அளவுகோலோடு இருந்தது. மசியின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் எண் சரியாக வந்தால் சரி, யார் அடித்தது என்பது கேள்வியில்லை. அங்கே தோட்டத்துப் பள்ளியில் படித்தவன்கூட நம்பர் ஒன் (தலைமை மெஷின்மேன்) ஆனான், ஆங்கிலத்தில் பத்து வரி எழுதத் தெரிந்திருந்தால். தெரியாதவன் அங்கேயும் ஃபீடர்தான். இனப் பாகுபாடு இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாதிக் கதவை மொழிதான் பூட்டியது.

இனி நான்கும் எப்படி விலகின என்று பார்ப்போம்.

1979-இல் சிங்கப்பூர் அரசே கூலியை வேண்டுமென்றே ஏற்றத் தொடங்கியது. மலிவுக் கையை நம்பும் தொழில் வேண்டாம், மெஷின் வாங்கு, அல்லது வெளியேறு என்பதுதான் செய்தி. 1985-இல் மந்தம் அடித்தது. எண்பதுகளின் பிற்பகுதியில், வெளிநாட்டுத் தொழிலாளருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி உற்பத்தித் துறைக்கும் வந்தது. கை வேலை அதிகமுள்ள பைண்டிங், ஒட்டு வேலை எல்லாம் முதலில் ஆட்டம் கண்டன. 1989-இல் சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மூன்றையும் சேர்த்து ‘வளர்ச்சி முக்கோணம்’ என்று பேச ஆரம்பித்தார்கள். மூளை அங்கே, கை இங்கே என்ற பிரிப்பு. தம்போய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைகள் நிரம்பின. தியன் வாவின் ஜொகூர்க் கிளை தம்போயில் நடந்தது. புத்தகத்தில் ‘மலேசியாவில் அச்சடிக்கப்பட்டது’ என்று வர ஆரம்பித்தது. பாலம் தாண்டிப் போனவர்கள் சிலர் பாலம் தாண்டாமலே அதே வேலையைப் பார்த்தார்கள், சம்பளம் மட்டும் ரிங்கிட்டில். அந்த வித்தியாசம்தான் பெரும்பாலோரை மறுபடி பாலமேற வைத்தது. 1998-இல் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டியபோது ஒரு சிங்கப்பூர் வெள்ளி இரண்டு ரிங்கிட்டுக்கு மேல். பின்னாளில் மூன்றையும் தாண்டியது.

சட்டங்களும் மாறின. அமெரிக்க விதி 1986-இல் போனது முதலில் சிங்கப்பூருக்கு லாபம். எழுத்துப் புத்தகமும் வந்தது. 1987-இல் சிங்கப்பூர் தன் பதிப்புரிமைச் சட்டத்தை இறுக்கியது. அதற்கு முன் திருட்டுப் பதிப்புக்குப் பேர்போன ஊர் அது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் நம்பிக்கை கூடியது. எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறுகளும்தான் பொற்காலம் என்பேன். ஆனால் அதே கதவு எல்லாருக்கும் திறந்தது. ஹாங்காங் அச்சகங்கள் எல்லை தாண்டி சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஷென்ஜெனிலும் தொங்குவானிலும் கட்டிடம் கட்டின. ஜொகூர் சிங்கப்பூருக்கு என்னவோ அதுதான் குவாங்டோங் ஹாங்காங்குக்கு, அளவு மட்டும் பல மடங்கு பெரிது. கையால் ஒட்டும் புத்தகம் முழுசாக அங்கே போனது. 2008-இல் தொப்பான், அரசு அச்சகத்திலிருந்து பிறந்த எஸ்.என்.பி. கம்பெனியை வாங்கியதே அதன் சீனத் தொழிற்சாலைகளையும் சேர்த்துத்தான்.

அப்புறம் அந்த 30 வருடக் குத்தகை. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எடுத்தது முடியும்போது, புதுப்பிக்க வேண்டுமென்றால் எவ்வளவு முதலீடு போடுவாய், ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு உற்பத்தி என்று நகராண்மைக் கழகம் கேட்கும். கணினிச் சில்லு செய்பவனோடும் மருந்து செய்பவனோடும் அச்சகம் எப்படிப் போட்டி போடும்? இணையமும் மின்னூலும் மேலே விழுந்த கடைசி அடி. மூடியதற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் ஜூரோங்கைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள். நம் பக்கம் மட்டும் என்ன, 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது.

போனவர்களுக்கு என்ன மிஞ்சியது என்றும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் சேமநிதியில் பணம் பிடித்த காலத்தில் வேலை செய்தவர்கள், தீபகற்ப மலேசியர் என்பதால், வேலையை விட்டு வந்த பிறகும் வயது வரும்வரை அதை எடுக்க முடியவில்லை. சபா, சரவாக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு அரசுகளும் வருடக்கணக்கில் இதை மேசையில் வைத்துப் பேசின. உங்கள் அப்பா எழுபது, எண்பதுகளில் அங்கே வேலை செய்தவர் என்றால், கணக்கில் ஏதும் கிடக்கிறதா என்று சேமநிதி வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய ஒர்க் பெர்மிட் அட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் மகன். அனுப்பலாம், ஆனால் எந்த அச்சு என்று பார்த்து அனுப்புங்கள். புத்தகமும் பத்திரிகையும் சுருங்குகின்றன, பெட்டியும் லேபிளும் சுருங்கவில்லை. மருந்துப் பெட்டி, உணவுப் பொட்டலம், ஒட்டும் லேபிள், இவற்றுக்கு இணையம் மாற்று இல்லை. மருந்து உறையில் ஓர் எழுத்து மங்கினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும் என்பதால் திறமையான ஆளுக்கு மதிப்பும் இருக்கிறது. ஜொகூரிலேயே இந்த வேலை உண்டு.

நேர்முகத்துக்குப் போகும்போது மூன்று விஷயம் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த மெஷின், எத்தனை கலர், எந்த வருடத்தது? ஹைடெல்பெர்க்கோ கொமோரியோ, புதிய மெஷினில் கற்றது எந்த நாட்டிலும் செல்லும். பழைய ரெண்டு கலர் மெஷினில் பத்து வருடம் நின்றால் அங்கேயேதான் நிற்க வேண்டும். இரண்டாவது, மெஷினில் மட்டும் நிறுத்துவார்களா, பிளேட் செய்யும் அறையிலும் கலர் சரிபார்க்கும் பகுதியிலும் மாற்றி மாற்றி விடுவார்களா? மூன்றாவது, அந்தக் கட்டடம் சொந்தமா, குத்தகையா, குத்தகை என்றால் எந்த வருடம் முடிகிறது? இந்தக் கேள்வியை எந்த இளைஞனும் கேட்க மாட்டான். எச்.ஆர். ஆள் முழிப்பார். பரவாயில்லை, கேட்கட்டும்.

சம்பளம் பேசும்போது ஓவர்டைம் சேர்க்காத அடிப்படைத் தொகையைத் தனியாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். காதடைப்பானை முதல் நாளிலிருந்தே போடச் சொல்லுங்கள்.